உண்மை கண்டறியும் சோதனைக்கு அழைத்தால் என்ன செய்வது?

"தப்பு பண்ணலைன்னா ஏம்ப்பா பயப்படுற? ஒரு மிஷின்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போ, உண்மை தானா தெரிஞ்சுடும்." விசாரணை இழுத்துக்கொண்டே போகும் வழக்குகளில் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வரும். கேட்பவருக்கும் அது நியாயமாகத்தான் படும். நான்தான் எதுவும் செய்யவில்லையே, உட்கார்ந்துவிட்டு வந்தால் தொல்லை விட்டது என்று அங்கேயே தலையாட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். தலையாட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் உண்டு. காவல் நிலையமும் கோர்ட்டும் பழக்கமில்லாத ஒருவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பயன்படும் வகையில், அழைப்பு வரும் நேரத்திலிருந்து அறிக்கை கைக்கு வரும் வரை என்ன நடக்கும், என்ன செய்ய வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மிஷின் எதை அளக்கிறது

இந்தச் சோதனைக்குப் பயன்படும் மிஷினின் பெயர் பாலிகிராஃப். அது பொய்யை அளப்பதில்லை. உடம்பை அளக்கிறது. மூச்சு எப்படிப் போய்வருகிறது என்று பார்க்க மார்பைச் சுற்றி ஒன்றும் வயிற்றைச் சுற்றி ஒன்றுமாக இரண்டு ரப்பர் குழாய்களைக் கட்டுவார்கள். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தெரிய, டாக்டர் பிரஷர் பார்க்கும் அதே பட்டையைக் கையில் சுற்றுவார்கள். இரண்டு விரல்களில் சிறு தகடுகள் மாட்டுவார்கள். பதற்றத்தில் விரல் வியர்த்தால் தோலின் மின்கடத்தும் தன்மை மாறும், அதை அந்தத் தகடுகள் பிடிக்கும். நாற்காலியில் நெளிந்தால் தெரிவதற்காக அடியில் ஒரு உணரி இருக்கும். இவையெல்லாம் கணினித் திரையில் கோடுகளாக ஓடும்.

1921-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல் துறையில் வேலை பார்த்த ஜான் லார்சன் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் ஒன்றாகப் பதிவு செய்யும் கருவியை விசாரணைக்குக் கொண்டுவந்தார். பிறகு லியோனார்ட் கீலர் அதில் தோலின் மின்கடத்தலையும் சேர்த்தார். அன்று காகிதத்தில் மை ஊசிகள் ஓடின, இன்று கணினி வந்துவிட்டது. அடிப்படை மாறவில்லை.

இதில்தான் சிக்கல். பொய் சொல்லும்போது மட்டும் வரும், வேறெப்போதும் வராத உடல் மாற்றம் என்று எதுவும் இல்லை. பயத்திலும் நெஞ்சு படபடக்கும். அவமானத்திலும் கை வியர்க்கும். "உன் மனைவியைக் கொன்றது நீயா?" என்று ஒருவனைக் கேட்டால், கொன்றவனுக்கும் துடிப்பு ஏறும், கொல்லாமல் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஏறும். திரையில் ஏறும் கோடு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கோடுகளை எப்படிப் படிக்கிறார்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஒரு கூட்டுறவு சங்கத்தில் பணப்பெட்டியிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் காணவில்லை, கணக்கரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகள் மூன்று விதமாக வரும். "இன்று செவ்வாய்க்கிழமையா?" என்பது போன்ற சம்பந்தமில்லாத கேள்விகள் ஒரு வகை. "அந்த இரண்டு லட்சத்தை நீங்கள் எடுத்தீர்களா?" என்ற நேரடிக் கேள்வி இன்னொரு வகை. மூன்றாவது வகை ஒப்பீட்டுக் கேள்வி: "இந்த வேலைக்கு வருவதற்கு முன், உங்களை நம்பிய யாரையாவது ஏமாற்றியிருக்கிறீர்களா?"

மூன்றாவது கேள்விக்கு மனசாட்சியோடு "இல்லை" என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஆனாலும் அந்தச் சூழலில் எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், சொல்லும்போது கொஞ்சம் உறுத்தும். சோதனையின் கணக்கு இந்த உறுத்தலை நம்பியிருக்கிறது. பணத்தை எடுக்காதவருக்கு ஒப்பீட்டுக் கேள்வியில் அதிகம் உறுத்தும், நேரடிக் கேள்வியில் குறைவாக இருக்கும். எடுத்தவருக்கு நேர்மாறாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டு ஏற்றங்களையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். "பணத்தை எடுத்தீர்களா" என்ற கேள்வியைக் கேட்டாலே வேலை போய்விடுமே, ஊரில் தலைகாட்ட முடியாதே என்று நடுங்கும் நேர்மையான கணக்கர் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வார். என் பார்வையில் இந்தச் சோதனையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். நிரபராதிக்குப் பயம் இருக்காது என்ற எண்ணத்தின் மேல் அது கட்டப்பட்டிருக்கிறது. நம் ஊரில் காவல் நிலையத்தில் நிரபராதிக்கு எவ்வளவு பயம் இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு முறையும் உண்டு. குற்றம் செய்தவருக்கும் விசாரிப்பவருக்கும் மட்டுமே தெரிந்த விவரத்தை நாலைந்து விவரங்களுக்கு நடுவே வைத்துக் கேட்பது. பணம் மஞ்சள் பையில் போனதா, துணிப்பையில் போனதா, சாக்கில் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சரியான இடத்தில் மட்டும் உடம்பு அசைகிறதா என்று பார்ப்பார்கள். ஜப்பான் காவல் துறை இதைத்தான் பெரிதும் பயன்படுத்துகிறது. இதற்கு அறிவியல் அடிப்படை கொஞ்சம் வலுவானது. ஆனால் அந்த விவரம் ஏற்கெனவே செய்தித்தாளில் வந்துவிட்டாலோ, விசாரணையில் போலீஸே உளறிவிட்டாலோ இதுவும் பயனற்றுப் போகும்.

எவ்வளவு நம்பலாம்

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003-ல் வெளியிட்ட அறிக்கை இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது பாலிகிராஃப் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே கண்டுபிடிக்கிறது, ஆனால் பிழையில்லாத நிலைக்கு வெகு கீழே நிற்கிறது என்பது அதன் முடிவு. பெரிய அலுவலகங்களில் எல்லோரையும் சலித்துப் பார்க்கப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அறிக்கை ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக வைத்தால், எந்தத் தவறும் செய்யாத ஏறக்குறைய 1,600 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். அப்பாவிகள் மாட்டக்கூடாது என்று தளர்த்தினால் 8 உளவாளிகள் தப்பிவிடுவார்கள்.

தப்பியவர்களுக்கு நிஜத்திலேயே உதாரணம் உண்டு. அமெரிக்க உளவுத் துறையான சிஐஏ-வில் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் பாலிகிராஃபில் தேறினார். 1994-ல்தான் கைதானார். வாஷிங்டன் மாநிலத்தில் பல பெண்களைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984-ல் இந்தச் சோதனையில் தேறிவிட்டு வெளியே போனவர். 2001-ல் டிஎன்ஏ அவரைக் காட்டிக்கொடுத்தது.

சட்டம் உங்கள் கையில் கொடுத்திருப்பது

இந்தியாவில் இதற்கு அடிப்படை, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று கொடுத்த தீர்ப்பு. தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு மூன்று சோதனைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டது: பாலிகிராஃப், மருந்து ஏற்றி அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்கோ, மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. விருப்பமில்லாத யாரையும் இவற்றுக்கு உட்படுத்தக்கூடாது என்றது தீர்ப்பு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவு சொல்கிறது. 21-வது பிரிவு தனிமனிதச் சுதந்திரத்தைக் காக்கிறது. இரண்டையும் கட்டாயச் சோதனை மீறுகிறது என்பது காரணம். குற்றம் சாட்டப்பட்டவர், சந்தேகத்துக்குரியவர், சாட்சி என யாராக இருந்தாலும் இது பொருந்தும்.

விருப்பத்தோடு போனாலும் அந்த முடிவு மட்டும் தனியாகச் சாட்சியம் ஆகாது. ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது, கவனமாகப் படியுங்கள். நீங்களாக ஒப்புக்கொண்டு போன சோதனையில் நகை எங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, போலீஸ் அங்கே தோண்டி நகையை எடுத்துவிட்டால், அந்தக் கண்டெடுப்பு கோர்ட்டில் ஏறும். இந்த விதி பழைய சாட்சியச் சட்டத்தில் 27-வது பிரிவாக இருந்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23-வது பிரிவுக்குள் இருக்கிறது. 2025 ஜூனில் அம்லேஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டாய நார்கோ கூடாது என்பதை மறுபடியும் உறுதி செய்தது. விருப்பத்தோடு எடுத்த அறிக்கையை மட்டும் வைத்துத் தண்டனை கொடுக்க முடியாது என்றும் சொன்னது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்குத் திருச்சி ராமஜெயம் கொலை வழக்கு. 2012 மார்ச்சில் நடந்த அந்தக் கொலைக்காகச் சிறப்புப் புலனாய்வுக் குழு பல பேரைச் சோதிக்க விரும்பியபோது, ஒவ்வொருவரின் சம்மதத்தையும் நீதிமன்றம் வழியாகப் பெற வேண்டியிருந்தது. சம்மதித்தவர்களுக்கு 2023 ஜனவரியில் சென்னையில் பாலிகிராஃப் நடந்தது. சம்மதிக்காதவருக்கு நடக்கவில்லை. 2024-ல் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனை வழக்கில் கைதானவர் பாலிகிராஃபுக்குச் சம்மதித்தார். பிறகு நார்கோ வேண்டும் என்று சிபிஐ கேட்டபோது மறுத்தார், நீதிமன்றமும் அனுமதிக்கவில்லை. ஒன்றுக்குச் சரி என்றால் எல்லாவற்றுக்கும் சரி என்று அர்த்தமாகாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்மதம் வேண்டும்.

முதல் வேலை: அங்கேயே பதில் சொல்லாமல் இருப்பது

அதிகாரி கேட்டதும் முறைக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். "வக்கீல்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் சார்" என்ற ஒரு வரி போதும். திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதையே மரியாதையாகச் சொல்லுங்கள். எழுதாத தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். "சம்மதம்" என்று முன்கூட்டியே தட்டச்சு செய்த தாள் வந்தால், அது நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால்தான் செல்லும், இங்கே கையெழுத்துத் தேவையில்லை என்று சொல்லலாம்.

கைது செய்யப்பட்டிருந்தால், விசாரணையின்போது உங்களுக்கு விருப்பமான வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு. முழு நேரமும் பக்கத்தில் இருக்க முடியாது, ஆனால் சந்திக்கலாம். சாட்சியாக மட்டும் அழைக்கப்படும் பெண்களையும் 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்வதா, மறுப்பதா

இது வக்கீலோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. என்னைக் கேட்டால், குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் மறுப்பதற்கே காரணங்கள் அதிகம் என்பேன். தேறினால் வழக்கு முடிந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தேறாவிட்டால் அது சாட்சியம் ஆகாது என்றாலும், "இவன்தான்" என்ற எண்ணம் விசாரிப்பவர் மனத்தில் உறைந்துவிடும், வேறு திசையில் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். செய்தியிலும் கசியும். அக்கம்பக்கம் அதற்குமேல் தீர்ப்புக்குக் காத்திருக்காது.

மறுத்தால் அதையே குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்வார்களே என்று பயப்படுபவர்கள் உண்டு. மறுப்பது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. விசாரிப்பவருக்குச் சந்தேகம் கூடலாம். அந்தச் சங்கடம் உண்மைதான். ஆனால் சந்தேகத்தை வைத்துக் குற்றப்பத்திரிகை நிற்காது. பல பேர் மேல் சமமாகச் சந்தேகம் இருக்கிறது, உங்கள் பக்கம் வேறு ஆதாரங்களும் தெளிவாக இருக்கின்றன என்றால் ஒப்புக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லக்கூடும். அப்போதும் கேள்விகள் எந்தச் சம்பவத்தைப் பற்றி, எந்த எல்லைக்குள் என்று முன்பே கேட்டு வாங்குங்கள்.

நடுவர் முன்னால்

தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் கொடுத்த வழிகாட்டுதல்களைச் செல்வி தீர்ப்பு கட்டாயம் பின்பற்றச் சொல்கிறது. சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்ய வேண்டும். அங்கே உங்கள் சார்பில் வக்கீல் இருக்க வேண்டும். சோதனையால் உடலுக்கும் மனத்துக்கும் சட்ட ரீதியாகவும் என்ன விளைவு என்பதை போலீஸும் வக்கீலும் விளக்கியிருக்க வேண்டும். அங்கே சொல்வது நடுவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீஸிடம் சொன்னதாகவே கருதப்படும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு நாள் காவலில் இருந்தீர்கள், எப்படி விசாரித்தார்கள் என்பதையும் நடுவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடித்தார்கள், தூங்கவிடவில்லை, வீட்டுப் பெண்களைக் கூட்டி வருவோம் என்று மிரட்டினார்கள் என்றால் வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான். "சம்மதமா?" என்று நடுவர் கேட்கும்போது தயக்கம் இருந்தால் "இல்லை ஐயா" என்றே சொல்லிவிடுங்கள். காவல் நிலையத்தில் சரி என்று சொல்லியிருந்தாலும் இங்கே மாற்றிச் சொல்லத் தடையில்லை.

சோதனை நாள்

முந்தைய இரவு தூங்குங்கள், காலையில் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். தினமும் எடுக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா, கர்ப்பம், மனநலச் சிகிச்சை என எது இருந்தாலும் தொடங்கும் முன்பே சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டைக் கையில் கொண்டு போங்கள். சோதனையைச் சுதந்திரமான அமைப்பு நடத்த வேண்டும், வக்கீல் உடன் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல்.

நாற்காலியில் உட்கார்ந்து உடனே வயர் மாட்டிவிட மாட்டார்கள். முதலில் நீண்ட பேச்சு நடக்கும். நிபுணர் இனிமையாகப் பேசுவார், வேலை, குடும்பம், உடம்பு எல்லாம் விசாரிப்பார். கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே வாசித்துக் காட்டுவார். புரியாத கேள்வியை, இரண்டு விஷயத்தை ஒன்றாக முடிச்சுப் போட்ட கேள்வியை அங்கேயே மாற்றச் சொல்லலாம். உங்களுக்குப் பழக்கமான தமிழில் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு பெரும்பாலும் ஒரு சீட்டுச் சோதனை வரும். ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, எல்லா எண்ணுக்கும் "இல்லை" என்று சொல்லச் சொல்வார்கள். நீங்கள் எடுத்த எண்ணில் கோடு ஏறியதைத் திரையில் காட்டுவார்கள். மிஷினிடம் எதுவும் மறைக்க முடியாது என்ற நம்பிக்கையை உங்களுக்குள் ஏற்றுவதும் இதன் நோக்கம். அந்த நம்பிக்கைதான் சோதனைக்குப் பாதி பலம். இதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் குலையாது.

உண்மையான சோதனையில் பத்து கேள்விகள் வாக்கில், ஒவ்வொன்றுக்கும் நடுவே இருபது முப்பது நொடி இடைவெளி விட்டுக் கேட்பார்கள். "ஆம்", "இல்லை" மட்டுமே பதில். அதே தொகுப்பை இரண்டு மூன்று முறை திரும்ப ஓட்டுவார்கள். மூச்சை அடக்குவது, நாக்கைக் கடிப்பது, கால்விரலை மடக்குவது என்று இணையத்தில் சொல்லித்தரும் வித்தைகளை முயற்சி செய்யாதீர்கள். அடியில் உள்ள உணரி அசைவைக் காட்டும். ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள், நிரபராதிக்கு அது வீண் வினை.

வயரைக் கழற்றிய பிறகுதான் கவனம்

சோதனை முடிந்துவிட்டது என்று மூச்சு விடும் நேரத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். நிபுணரோ அதிகாரியோ திரையைக் காட்டி, "இந்தக் கேள்வியில மட்டும் என்னவோ இருக்கே, மனசுல இருக்கிறதைச் சொல்லிடுங்களேன்" என்பார். மிஷின் கண்டுபிடித்துவிட்டது என்று நம்பி, செய்யாததையும் ஒப்புக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த நேரத்தில், "எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன், இனி வக்கீல் இருந்தால்தான் பேசுவேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் ஏமாற்றும் எதிர்வினை தெரிகிறது, தெரியவில்லை, முடிவு சொல்ல இயலவில்லை என்ற மூன்றில் ஒன்று இருக்கும். முதலாவது வந்தால் உடைந்துபோக வேண்டாம். ஜாமீன் மனுவில் அரசுத் தரப்பு அதைத் தூக்கிப் பிடித்தால், தனித்த அறிக்கைக்குச் சாட்சிய மதிப்பில்லை என்பதை செல்வி, அம்லேஷ் குமார் தீர்ப்புகளைக் காட்டி வக்கீல் எதிர்க்கட்டும். சம்மதம் பதிவான நடவடிக்கைக் குறிப்பின் நகலையும், குற்றப்பத்திரிகை தாக்கலானதும் அதோடு வரும் எல்லா ஆவணங்களின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். அந்த நகல்களுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கடையிலும் வீட்டிலும் கேட்டால்

கல்லாவில் பணம் குறைந்தது என்று முதலாளி ஊழியர்களைத் தனியார் பாலிகிராஃப் நிலையத்துக்கு அனுப்புவது, சந்தேகப்பட்டு கணவனோ மனைவியோ ஒருவரை ஒருவர் அழைப்பது எல்லாம் நடக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் இப்படிச் செய்ய 1988-லேயே தனிச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் போக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. முதலாளியிடம், சந்தேகம் இருந்தால் போலீஸில் புகார் கொடுங்கள், விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். குடும்பத்துக்குள் என்றால், காசு கொடுத்து வாங்கிய ஒரு கோட்டுப் படத்தால் சந்தேகம் தீராது என்பது என் உறுதியான எண்ணம். குடும்ப நல ஆலோசகரிடம் போகலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள்

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா அளவில் அதன் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசியும் உதவி கேட்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காவலில் உள்ளவருக்காக வீட்டிலிருந்து யாரும் போய் மனு கொடுக்கலாம். மனுவில் வழக்கு எண், காவல் நிலையத்தின் பெயர், பாலிகிராஃபுக்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்ற விவரம், நடுவர் முன் ஆஜராகும் தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். தேதி நெருங்கிவிட்டால், வக்கீல் நியமிக்கும் வரை சம்மதம் பதிவு செய்வதைத் தள்ளிவைக்கும்படி அதே மனுவின் நகலை நடுவர் நீதிமன்றத்திலும் கொடுங்கள்.